வராத நோய்க்குக் காவல்



ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் சுரத்தில் படுத்திருக்கிறான். மற்றவன் சுகமாய் விளையாடுகிறான். கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். தாய் அதை யாருக்குச் செலவிடுவாள்? படுத்திருப்பவனுக்கே என்று எவரும் சொல்வர். ஒரு தேசத்தின் சர்க்காரும் அப்படியே செய்ய வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் காரியம் அவ்வளவு எளிதன்று. நம் காரைக்கால் கரைக்குக் கடல் கடந்து இருக்கும் இலங்கைத் தீவு, பெரும் விலை கொடுத்து இதைக் கற்றுக்கொண்டது.

1934-ம் ஆண்டில் அங்கே மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் கொசு பெருகிற்று. அவ்வாண்டின் கடைசியிலும் அடுத்த ஆண்டிலுமாக, மலேரியாச் சுரத்தால் சுமார் 80,000 பேர் மாண்டனர். பசியால் மெலிந்திருந்த ஏழைகளே முதலில் விழுந்தார்கள்.

அந்நாட்டார் இதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. கிராமந்தோறும் வைத்தியசாலைகளையும் மருத்துவச்சிகளையும் பெருக்கினார்கள். 1951-ல் சர்க்கார் வைத்தியசாலைகளில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். யுத்தத்திற்குப் பின் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். 1963-ல் தீவு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர் மட்டுமே!

சோதனை அப்போதுதான் வந்தது. இல்லாத நோய்க்கு ஏன் செலவு? மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், காவலும் தளர்ந்தது. 1969-ல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதே சுரத்தில் விழுந்தனர்.

இவர்கள் கல்நெஞ்சரா? அல்லவே. மிச்சமாகும் பணம் வேறு நல்ல காரியத்துக்கு உதவும் என்றுதான் எண்ணியிருப்பார்கள். நாமும் அப்படித்தானே எண்ணுவோம்? படுத்திருப்பவனுடைய முனகல் நம் காதில் விழுகிறது; உதவினால் கையெடுத்துக் கும்பிடுகிறான். நோய் வராமல் தப்பியவனோ, தான் தப்பியதையே அறியான். நன்றி சொல்ல அவன் வரமாட்டான். அவனுக்காகச் செய்யும் தருமத்தில் புகழ் இல்லை. ஆகையால்தான் அது முதலில் கைவிடப்படுகிறது.

அப்படியானால் கண்ணெதிரே துடிப்பவனை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். கூடாது. அவனுக்கு உரியதை அவனிடமிருந்து பிடுங்குவது அநியாயம். ஆனால் நாளை துடிக்கப்போகிறவனும் மனிதனே. அவன் முகம் நமக்குத் தெரியவில்லை என்பதால் அவனுக்குள்ள உரிமை குறைந்துவிடாது. பிறர்சிநேகம் கண்ணுக்குத் தெரிகிறவரோடு நின்றுவிட்டால் அது பாதிச் சிநேகமே. தாய் மருந்தும் வாங்குவாள், கிணற்றையும் மூடி வைப்பாள். நல்ல சர்க்காரும் இரண்டையும் செய்யக் கடமைப்பட்டது.

இலங்கை மறுபடியும் உழைத்தது. நீண்ட உள்நாட்டு யுத்த காலத்திலும் அந்த வேலையை அறவே விட்டுவிடவில்லை. 2012-க்குப் பின் சில ஆண்டுகள் அந்நாட்டு மண்ணில் தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு நற்சான்று அளித்தது. ஆயினும் இந்தத் தடவை காவலைக் கலைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து சுரத்தோடு வருகிறவரின் இரத்தத்தை இன்றும் சோதிக்கிறார்கள்.

போலகத்தில் நமக்கும் இதில் பங்கு உண்டு. வாய்க்காலும் குட்டையும் நிறைந்த ஊர் நம்முடையது. மூடாத தொட்டியும், கொல்லையில் எறிந்த தேங்காய் ஓடும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கு டெங்குச் சுரத்தைக் கொடுக்கலாம். சுகாதார ஊழியர் வந்து தொட்டியைத் திறந்து பார்க்கும்போது, “இங்கேதான் ஒருவருக்கும் நோய் இல்லையே!” என்று முகம் சுளிக்கிறோம்.

நோய் இல்லாதிருப்பது ஒருவேளை அவர் வந்து போவதனாலேயே இருக்கலாம். இனி அவர் வந்தால், கதவைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம்.