யார் தூக்கத்தை எடுத்துக் காணிக்கை செலுத்துகிறோம்?



இந்த மாதம் ஒரு சின்னப் பொருளைப்பற்றி எழுதுகிறேன். டிரம்ஸ் செட்டில் மாட்டுகிற சிம்பலைப்பற்றி. "இதையெல்லாம் ஒரு செய்தியாக எழுதவேண்டுமா?" என்று சிலர் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இது வெகுநாளாக என் இருதயத்தில் பாரமாயிருக்கிறது. இதை ஒரு அறிக்கையாகவே எழுதுகிறேன்.

நம்முடைய பொத்தேரி கூடம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாடியில் ஷீட் போட்ட ஒரே அறை. அறுபது பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், நடுவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நம் ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி எட்டும். இந்த அறையில்தான் பன்னிரண்டு வருஷம் நான் டிரம்ஸ் அடித்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னே பின் சந்து வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது. இரண்டு தடவை வந்து, "ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் கொஞ்சம் மெதுவா பாடுங்களேன்" என்று கேட்டார்கள். சரியென்று தலையாட்டினோம். அடுத்த வாரமும் அப்படியே அடித்தோம். அடித்தது நான்தான். மூன்றாம் தடவை அவர்கள் வரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்த வாரம் சாட்சி நேரத்தில் எழுந்து, ஆராதனைக்கு வந்த தடையைக் கர்த்தர் நீக்கினார் என்று சொன்னவனும் நான்தான். நீங்களும் "அல்லேலூயா" என்றீர்கள்.

பிறகு மளிகைக் கடை அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருந்தாராம். ராத்திரி முழுவதும் வலியில் விழித்திருந்து, விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்வாராம். நம்முடைய முதல் ஆராதனை காலை ஏழு மணிக்கு.

தேவ ஜனமே, அன்றைக்கு நான் சொன்னது சாட்சியா? ஒரு வியாதியஸ்தனைத் தூங்கவிடாமல் துரத்திவிட்டு, அதற்கும் கர்த்தருடைய பேரைப் போட்டுவிட்டேன்.

மாதவரத்தில் நடந்தது

இது நமக்கு மட்டும் வந்த கேள்வியல்ல. நம்முடைய சென்னையிலேயே, மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு இதே கேள்வி வந்தது. அங்கே டிரம்ஸ் செட், டிரிபிள் காங்கோ, கிட்டார், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்தார் புகார் கொடுத்தார்கள். காரியம் உயர்நீதிமன்றத்துக்குப் போய், பிறகு டில்லிவரை போனது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி உச்சநீதிமன்ற நீதிபதிகள் எம்.பி. ஷா, எஸ்.என். புக்கன் இருவரும் தீர்ப்பு சொன்னார்கள்.

சபையார் எடுத்து வைத்த நியாயங்கள் நமக்கும் பழக்கமானவைதான். சத்தம் ரோட்டில் போகும் வண்டிகளுடையது. மத சுதந்திரம் அரசியல் சட்டம் தந்த உரிமை. சிறுபான்மையினரை ஒடுக்கவே இந்தப் புகார் என்றார்கள். உயர்நீதிமன்றமும் ஒரு பக்கமாகப் பேசவில்லை. வண்டிச் சத்தத்தின்மேலும் நடவடிக்கை எடுக்கச் சொல்லிற்று, ஒலிபெருக்கியையும் குறைக்கச் சொல்லிற்று. உச்சநீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. மற்றவர்களுடைய அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் போதிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். வயோதிபர், நோயாளிகள், படிக்கிற பிள்ளைகள், தூங்குகிற குழந்தைகள் இவர்களையெல்லாம் நீதிபதிகள் நினைத்துப் பார்த்தார்கள்.

அதே 2000-ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. மூடிய அறையில் அடிக்கிற டிரம்ஸ் செட் 100 டெசிபலை எளிதாகத் தொடும்.

"ஆடி மாசம் முழுக்கக் குழாய் கட்டி வைக்கிறாங்களே, கட்சி மீட்டிங் நடத்துறாங்களே, அவங்களை யாரும் கேக்கலியே?" என்று நம் வாலிபர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெறுப்பினால் வருகிற புகாரும் உண்டு, அதையும் மறைக்கவேண்டாம். ஆனால் பிறனிடத்தில் அன்புகூரச் சொன்ன ஆண்டவர், அவன் முதலில் சத்தத்தைக் குறைக்கட்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை. நீதிமன்றம் சொன்னபிறகுதான் வயோதிபரை நினைக்கவேண்டுமா? நல்ல சமாரியனின் உவமையைப் பிரசங்கிக்கிற நமக்கு அது முன்னமே தெரிந்திருக்கவேண்டாமா?

அந்தத் தகரச் சத்தம்

பின் சந்து வீட்டுக்கு அடுத்தபடியாகக் குடிவந்தவர் ஒரு நர்ஸம்மா. ராத்திரி டூட்டி முடிந்து காலையில் வருவார். நம்முடைய மோட்டார் கெட்டுப்போனபோது இரண்டு நாள் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னவர். போன வருஷம் ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க பாட்டு எனக்குப் பிடிக்கும். அந்தத் தகரச் சத்தம் மட்டும்தான் தலைக்குள்ள போகுது" என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குத்தினது.

அடுத்த ஞாயிறு, இப்போது டிரம்ஸ் அடிக்கிற தம்பியை வாசிக்க விட்டுவிட்டு, நான் இறங்கிப்போய் அந்த அம்மா வாசலில் நின்றேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் நான் அங்கே நின்றதில்லை. பாட்டு கேட்டது, ஆனால் வார்த்தை விளங்கவில்லை. எந்தப் பாட்டு என்றுகூடச் சட்டென்று தெரியவில்லை. ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாக "ஜிங், ஜிங்" என்று சிம்பல்தான் வந்தது. நாம் தெருவுக்குச் சுவிசேஷம் சொல்லுகிறோம் என்று நினைத்திருந்தோம். தெருவுக்குப் போனது பித்தளை ஓசை.

இதற்குக் காரணம் இருக்கிறது. க், ச், த் முதலான மெய்யெழுத்துகளின் ஓசை எந்த உயர்ந்த சுருதியில் இருக்கிறதோ, சிம்பலின் ஓசையும் அங்கேதான் பரவுகிறது. ஆகவே சிம்பல் முதலில் விழுங்குவது வார்த்தையைத்தான். வார்த்தை கேட்கவில்லையென்று மைக்கைக் கூட்டுகிறோம். மைக் கூடினதும் கீபோர்டு கூடுகிறது. எல்லாம் கூடினதும் டிரம்ஸ்காரன் இன்னும் ஓங்கி அடிக்கிறான். சின்ன அறையில் சத்தம் ஏறுவது இப்படித்தான். வாத்தியத்தின் ஓசை தெளிவாய் விளங்காவிட்டால் பிரயோஜனம் என்ன என்று பவுல் 1 கொரிந்தியர் 14-ல் கேட்கிறாரே, அது நமக்குத்தான்.

நம் பிள்ளைகளையும் நினையுங்கள். 85 டெசிபலில் எட்டு மணிநேரம்வரை இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லுகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிஷம்தான். நம்முடைய துதி ஆராதனை ஒரு மணிநேரம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை டிரம்ஸுக்கு முன்னால்தான் உட்கார வைக்கிறோம்.

என்ன சிம்பல்?

சபைகள் அறிந்துகொள்ளும்படி, நான் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன். விலை குறைந்த செட்டோடு வருவது பெரும்பாலும் பித்தளைத் தகடு. மெதுவாய்த் தட்டினால் அது வாயைத் திறக்காது. ஓங்கி அடித்தால் கத்தும். நல்ல சிம்பல் வெண்கலம். நூற்றுக்கு எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு வெள்ளீயம். 1623-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் தொழில் தொடங்கிய ஜில்ஜியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தார் இன்றைக்கும் இந்தக் கலவையில்தான் செய்கிறார்கள்.

தடித்த சிம்பல் சத்தம் அதிகம், நெடுநேரம் இரையும். மெல்லிய சிம்பல் லேசான தட்டுக்கே முழு ஓசை கொடுத்து சீக்கிரம் அடங்கும். அகலம் குறைந்தாலும் சத்தம் குறையும். ஆகவே சின்ன அறைக்கு மெல்லியதும் சிறியதுமே ஏற்றது. தட்டு முழுவதும் சிறு துளையிட்ட ரகமும் வந்திருக்கிறது. ஜில்ஜியானின் எல்80 அப்படிப்பட்டது. எண்பது சதவீதம்வரை சத்தம் குறையும் என்று கம்பெனி சொல்லுகிறது. தம்பி அதைப் படத்தில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சல்லடை மாதிரி இருக்கு!" என்று சிரித்தான். நாங்கள் அதை வாங்கவில்லை. பழசாய்க் கிடைத்த மெல்லிய 14 அங்குல ஹைஹாட்டும், 16 அங்குல மெல்லிய கிராஷ் ஒன்றும் வாங்கினோம். இன்னொரு கிராஷைக் கழற்றிவிட்டோம். கட்டைக் குச்சிக்குப் பதிலாக, மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ராட்ஸ்.

சிம்பல் ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்காது. பாஸ் டிரம்மின் ஓசை சுவரையும் ஊடுருவும். ஆகவே அதற்குள் ஒரு போர்வையை வைத்தோம். ஸ்பீக்கரை ஜன்னலைவிட்டுத் திருப்பினோம். பின்பக்கம் கனமான திரை கட்டினோம்.

அபிஷேகம் குறைந்துவிடுமா?

இதற்கெல்லாம் தம்பி லேசில் சம்மதிக்கவில்லை. "அண்ணே, சத்தத்தைக் குறைச்சா அபிஷேகம் குறைஞ்சிடாதா? பவுலும் சீலாவும் ஜெயில்ல நடுராத்திரியில பாடலியா? சங்கீதத்திலேயே பெரிய சத்தமுள்ள கைத்தாளம் இருக்கே?" என்றான். வேதம் தெரிந்த பிள்ளை.

பவுலும் சீலாவும் பாடினார்கள், ஆனால் மைக் வைத்துப் பாடவில்லை. கட்டுண்ட மற்றவர்கள் அதைக் கவனித்துக் கேட்டார்கள். 150-ஆம் சங்கீதம் இரண்டு வகைக் கைத்தாளத்தைச் சொல்லுகிறது. எபிரெய மொழியில் ஒன்றின் பெயர் கேட்டலோடு சேர்ந்தது, மற்றொன்றின் பெயர் ஆர்ப்பரிப்போடு சேர்ந்தது. இரண்டுக்கும் இடம் உண்டு. ஆசாபும் ஏமானும் வெண்கலக் கைத்தாளம் கொட்டினது பெட்டி ஊர்வலமாய்ப் போகையில், வெட்டவெளியில். இரும்புலியூர் கன்வென்ஷனில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிற இடத்துக்கு ஏற்ற ஓசை, நம்முடைய மாடி அறைக்கு ஏற்றதா?

ஆனாலும் அவனுடைய முதல் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அது என்னையே சோதித்தது. உண்மையைச் சொல்லுகிறேன். எந்த இடத்தில் சிம்பலை மெதுவாய் உருட்டி, எந்த இடத்தில் "ஜிங்" என்று விட்டால் ஜனங்கள் கையை உயர்த்துவார்கள் என்று பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கைவந்துவிட்டது. எத்தனையோ தடவை அப்படிச் செய்துமிருக்கிறேன். அப்போது அசைவாடினது ஆவியானவரா, என் மணிக்கட்டா? சில நாள் அவர்தான் என்று நிச்சயமாய் அறிவேன். சில நாள் நான்தான் என்றும் அறிவேன். பெரிய சத்தத்துக்குள்ளே அந்த வித்தியாசத்தை ஒளித்துவைக்க முடிந்தது. சின்னச் சத்தத்தில் ஒளிக்க முடியவில்லை. இதை நான் தம்பியிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு அவனுக்கு 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாய்க் கொடுக்க வந்தான். தாவீது வாங்கவில்லை. தனக்குச் செலவில்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்த அவனுக்கு மனமில்லை, விலை கொடுத்தான். ஓங்கி அடிக்கிற சிம்பலுக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம்? ஒன்றுமில்லை. அதன் விலையைக் கொடுப்பது பின் சந்து வீடு. அர்வனாவாவது மனதார கொடுக்க வந்தான். நாமோ கேட்காமலே அடுத்தவன் தூக்கத்தை எடுத்து, அதை நம்முடைய காணிக்கையென்று பீடத்தில் வைத்தோம். அமர்ந்த ஓசைக்குத்தான் நாம் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது: பணம், பயிற்சி, கொஞ்சம் பெருமை.

அந்தப் பணத்தை வாலிபர்களே கொடுத்தார்கள். வண்டலூர் பூங்காவுக்குப் போகச் சேர்த்து வைத்திருந்த காசு. "போன வருஷம் பாத்த அதே சிங்கம்தானே" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

புதிய சிம்பல் வந்து மூன்றாம் ஞாயிறு, படிக்கட்டில் நர்ஸம்மா என்னிடம், "என்னண்ணே, இன்னிக்கு உங்களுக்கு மீட்டிங் இல்லியா?" என்று கேட்டார். தம்பிக்கு முகம் வாடிப்போயிற்று. எனக்கோ, பன்னிரண்டு வருஷத்தில் என் வாசிப்புக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அதுதான்.

ஆனால் அந்தப் பெரியவருடைய குடும்பத்தைத் தேடினேன். ஊரப்பாக்கம் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், செங்கல்பட்டு என்றார் இன்னொருவர். இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. அவரிடமிருந்து எடுத்த தூக்கத்தை எந்த மெல்லிய சிம்பலாலும் திருப்பிக் கொடுக்கமுடியாது. உங்களில் யாருக்காவது அவர்கள் இருக்குமிடம் தெரிந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

பிரியமானவர்களே, ஒரேயொரு காரியத்தைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். எந்தச் சபையாயிருந்தாலும், ஒரு ஞாயிறு பாட்டு நடக்கையில் ஒருவர் எழுந்து கீழே இறங்கி, பக்கத்து வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அங்கே கேட்பது வார்த்தையா, வெறும் ஓசையா என்று பாருங்கள். திரும்பி மேலே வரும்போது, எந்தச் சிம்பல் வாங்கவேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்காது.

நம்முடைய துதியையும் நம் அயலாருடைய உறக்கத்தையும் ஒருங்கே காக்கிற கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.