அடியும் அருளும்: ‘ஜகாட்’ எழுப்பும் சமய வினா

2015 டிசம்பரில் திரைக்கு வந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்ற ‘ஜகாட்’, தொண்ணூறுகளில் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையாகும். இயக்குநர் சஞ்சய் குமார் பெருமாள், 12 வயதுச் சிறுவன் அப்போயைக் குடும்பத்து ஆண்கள் மூவருக்கு நடுவே நிறுத்துகிறார். தந்தை மணியம் மகனைப் படிக்க வைத்தே தீருவதென்று அடித்துத் திருத்த முயல்கிறார். மெக்சிகோ என அழைக்கப்படுபவன் குண்டர் கும்பலைச் சேர்ந்தவன். பாலா போதைப்பழக்கத்தால் சீரழிந்தவன். தந்தையின் அடி மகனுக்கு அருளாகுமா என்னும் வினா, படம் முழுவதும் உள்ளோடி நிற்கிறது.

மணியத்தின் கோபத்துக்குக் காரணம் உண்டு. லயன் வீடும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஒருசேர வாய்த்திருந்த தோட்ட வாழ்வு கலைந்து, மக்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒண்டிய வரலாறு கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவானது.

அக்கோபத்தில் விழும் அடி அருளாகுமா என்பதற்குச் சமயத்தில் விடை தேடலாம். சைவ சித்தாந்தம் இறைவனின் கருணையை இருவகையாகக் காண்கிறது: இனிது செய்து ஆட்கொள்வது அறக்கருணை, ஒறுத்துத் திருத்துவது மறக்கருணை. சொற்கேளாப் பிள்ளையைப் பெற்றோர் வளாரால் அடிப்பதும் கட்டி வைப்பதும் பரிவின்பாற்பட்டவையே என்றும், ஈசனின் சினமும் அத்தகையதே என்றும் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் விளக்குகிறார். பிள்ளையை அடிப்பதற்குச் சமயச் சான்று தேடுவோர்க்கு இவ்விடம் வாய்ப்பாகத் தோன்றலாம்; ஆயினும் செய்யுளின் நோக்கு ஈசனின் சினத்தைப் புரியவைப்பதே ஆதலின், அங்குப் பரிவு முன்னரே நிலைபெற்றதாகக் கொள்ளப்படுகிறதேயன்றி, அடிக்கும் தந்தையர் அனைவரும் பரிவுடையோர் என்று சொல்லப்படவில்லை. மேலும், இறைவன் மலமற்றவன். தந்தையோ ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களால் கட்டுண்ட உயிர். தன் தோல்வியின் கசப்பும் ஊராரிடம் தலைகுனிய நேருமோ என்னும் அச்சமும் கலந்த அடியை மறக்கருணை என அழைப்பது, உயிரின் குற்றத்தை இறைவனின் பெயரால் மூடுவதாகும்.

எல்லாம் பிள்ளையின் தலைவிதி என்று ஒதுங்கவும் சித்தாந்தம் இடந்தருவதில்லை. முன்செய்த வினையின் பயனை இப்பிறவியில் நுகர்வது பிராரத்தம். நுகரும்போதே புதிதாகச் சேர்வது ஆகாமியம், அதாவது ஏறுவினை. மகன் மேல் விழும் அடி மகனுக்குப் பிராரத்தமாக இருக்கலாம். எனினும் அதே அடி தந்தையின் கணக்கில் ஏறுவினையாகவே ஏறும். இதைச் சொல்லாமல் விதியை மட்டும் போதிப்பது பாதிச் சமயமே.

படத்தின் ஆழம், சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வழிவந்த மற்றொரு கருத்தால் இன்னும் துலங்கும். உயிர் தனித்து நில்லாது. அருகிருக்கும் பொருளின் நிறத்தைப் பளிங்கு ஏற்பதுபோல, எதனைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே நிற்கும் என்பதே ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. வீட்டிலும் பள்ளியிலும் தண்டனையே பெறும் அப்போயின் குறும்பில் கற்பனை வளம் இருக்கிறது. அதை வரவேற்பார் இல்லாதபோது, மெக்சிகோவின் உலகம் அவனை மதிப்போடு ஈர்க்கிறது. அடி அவனைத் தீமையிலிருந்து பிரிக்கவில்லை, வீட்டிலிருந்து பிரித்தது. சார்பின்றி இருக்க முடியாத உயிரிடம் ஒரு சார்பைப் பறித்தால், அது மற்றொன்றைப் பற்றும்.

வயதில் மூத்த பண்டிதராகிய அருணந்தியார், ஆணவம் யாது என்று சிறுவராகிய மெய்கண்டாரிடம் வினவ, அவர் எதிரே நின்றவரையே சுட்டினார் என்றும், அக்கணமே மூத்தவர் அச்சிறுவருக்கு மாணவரானார் என்றும் மரபு கூறும். வளாரைப் பற்றி எழுதியவர், ஒரு பிள்ளையின் முன் பணிந்தவர். மலேசியக் கோயில்களில் சமய வகுப்பு நடத்துவோர், பெற்றோரை அமரவைத்து இவ்வரலாற்றைச் சொல்லி, அதன் பின்னரே மறக்கருணையைக் கற்பிக்க வேண்டும்.