கணக்கில் எழுதாத நிறம்

இனவெறியைக் கடந்த சமூகம் எது என்று கேட்டால், நிறத்தைப் பார்க்காத சமூகம் என்றே பலரும் விடை சொல்வார்கள். அந்த விடையை நெடுங்காலம் நம்பிய நாடு பிரேசில். அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அதுவே. 1888 மே 13 அன்று அந்தச் சட்டம் வருவதற்கு முன் ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டிருந்தார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, இழப்பீடும் இல்லை. அதே காலத்தில் சாவோ பாவ்லோவின் காப்பித் தோட்டங்களுக்கு ஐரோப்பியர்களை அரசே பயணச் செலவு கொடுத்து வரவழைத்தது. ஆனாலும் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று பிரிக்கும் சட்டங்கள் அங்கே இல்லை. கலப்பு மணத்துக்குத் தடையும் இல்லை. பிரேசில் சமூகவியலாளர் ஜில்பெர்ட்டோ ஃப்ரேய்ரே 1933இல் வெளியிட்ட நூல் இந்தக் கலப்பையே நாட்டின் பெருமையாக்கியது. 'இன ஜனநாயகம்' என்ற பெயரும் பிரேசிலுக்கு நிலைத்தது.

அந்தப் பெயர் எவ்வளவு உண்மை? உலகுக்கே பிரேசில் வழிகாட்டும் என்ற நம்பிக்கையில் 1950களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ அங்கே ஆய்வுகளைத் தொடங்கியது. ஃப்ளோரெஸ்தான் ஃபெர்னாண்டஸ் முதலான ஆய்வாளர்கள் கண்டதோ மறுக்க முடியாத பாகுபாடு. வேலை விளம்பரங்கள் 'நல்ல தோற்றம்' உள்ளவர்களைக் கேட்டன. அதற்கு வெள்ளையர் என்று பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டத்தில் எழுதப்படாத விலக்கை எதிர்த்து வழக்காடுவதும் கடினம். பின்னர் ராணுவ ஆட்சியில், 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிறம் பற்றிய கேள்வியே விடப்பட்டது. அதனால் ஏற்றத்தாழ்வு ஒரு துளியும் குறையவில்லை. அதைக் காட்டும் சான்றுதான் இல்லாமல் போயிற்று.

பிரேசிலின் சிக்கல் வறுமைதான், நிறமல்ல என்பார்கள் சிலர். கறுப்பினத்தவரில் ஏழைகள் மிகுதி என்பதால் இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 1950இல் புகழின் உச்சியில் இருந்த அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாமுக்குச் சாவோ பாவ்லோ ஓட்டல் ஒன்று அறை தர மறுத்தது. அவரிடம் பணமும் இருந்தது, பெயரும் இருந்தது. அந்த நிகழ்ச்சி எழுப்பிய கொதிப்பு, மறு ஆண்டே பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டம் வரக் காரணமாயிற்று. இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று உண்டு: இனம் என்பதே அறிவியலில் நிற்காத கற்பனை, அதை எண்ணத் தொடங்கினால் கற்பனைக்கு நாமே உயிர் கொடுக்கிறோம். முதல் பாதி உண்மை. ஆனால் கற்பனையின் பேரில் அடைக்கப்பட்ட கதவு கற்பனை அல்ல. இத்தனை கலந்த நாட்டில் யார் கறுப்பர் என்று எப்படிச் சொல்வது என்று இட ஒதுக்கீடு வரும்போது கேட்கிறார்கள். ஓட்டல் வாசலில் அந்தக் குழப்பம் யாருக்கும் வந்ததில்லை.

2012இல் பிரேசில் வேறு வழியைத் தேர்ந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கி, அதற்குள் கறுப்பின, கலப்பின, பழங்குடி மாணவர்களுக்கு அந்தந்த மாநில மக்கள்தொகை விகிதப்படி பங்கு வகுத்தது. 2018இல் அரசுப் பல்கலைக்கழக மாணவர்களில் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் சேர்ந்து பாதியைத் தாண்டினார்கள். இந்த ஒதுக்கீட்டைக் கோருபவரின் தோற்றத்தைப் பார்த்துக் குழுக்கள் தகுதியை முடிவுசெய்வது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. அந்த உறுத்தல் தேவையும்கூட, ஏனெனில் இந்த ஏற்பாடு வழியே தவிர ஊர் அல்ல. நிறத்தைக் கேட்காத நாள் ஒன்று வரவேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் வரிசை முக்கியம். ஒரு குழந்தையின் நிறத்தைச் சொன்னால் அதன் பள்ளி, கூலி, ஆயுள் ஆகியவற்றை ஊகிக்க முடிகிறவரை அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. அந்த ஊகம் பொய்க்கத் தொடங்கும் நாளில் கேள்வி தானாகவே உதிர்ந்துவிடும். அதற்கு முன் அதை அழிப்பவர்கள் இனவெறியைக் கடந்தவர்கள் ஆகமாட்டார்கள். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவைத்தவர்களே ஆவார்கள்.