அமானிதம் எங்கே முடிகிறது?

 

பிறர் நம்பிக் கொடுத்த பொறுப்பை ஏற்ற ஒருவர், அவர்களுடைய முதலுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொண்டால் மாத்திரம் கடமை தீர்ந்துவிடுமா? பழைய கேள்விதான். ஆனால் நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இன்று 'ஸ்டேக்கிங்' எனும் கிரிப்டோ நாணயக் கூட்டுகளில் காசு வைக்கிறார்கள். கூட்டை நடத்தவும் முன்வருகிறார்கள். ஆகவே இதை மீண்டும் சிந்திக்க வேண்டியதாயிற்று.

விஷயத்தை எளிதாகச் சொல்கிறேன். கார்டானோ என்பதொரு நாணய அமைப்பு. அதன் காசுக்கு 'அடா' என்று பெயர். அதன் கணக்கேட்டை வங்கி எழுதுவதில்லை; பல கூட்டுகளின் கணினிகள் முறை வைத்து எழுதுகின்றன. எந்தக் கூட்டின் பேரில் அதிகக் காசு நிற்கிறதோ அதற்கு முறை அதிகமாக வரும். எழுதினால் ஊதியம் உண்டு. 5 நாளைக்கு ஒரு தவணை. ஊதியத்திலிருந்து நடத்துபவரின் நிலையான கட்டணமும், பிறகு அவருடைய சதவிகிதமும் கழியும். மிச்சம் காசு வைத்தவர்களுக்குப் பங்காகும். முதல் அவரவர் கையிலேயே இருக்கும். நடத்துபவர் அதைத் தொட முடியாது.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். முறை வந்த நேரத்தில் நடத்துபவரின் கணினி நின்று கிடக்கிறது. அந்த ஊதியம் போயிற்று. அதே தவணையில் வேறு முறைகளில் வந்த ஊதியத்திலிருந்து அவருடைய நிலையான கட்டணம் முழுதாகக் கழிந்துவிடுகிறது. குறைவு மற்றவர் பங்கில் விழுகிறது. "யாருடைய முதலும் குறையவில்லையே, என் மேல் என்ன குற்றம்?" என்று அவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

நம் கடைப்பிள்ளை காலை 8 மணிக்குத் திறக்க வேண்டிய கடையைப் பகல் 12 மணிக்குத் திறந்துவிட்டு, "சரக்கு ஒன்றும் குறையவில்லை முதலாளி" என்றால் ஒப்புவோமா? ஒப்ப மாட்டோம். நாம் அவனிடம் ஒப்படைத்தது சரக்கை மாத்திரமல்ல, அவனுடைய விழிப்பையும்தான். முளாரபா வணிகத்தில் கவனக்குறைவின்றி வந்த நஷ்டம் முதல் போட்டவரைச் சேரும். உழைப்பவரின் அசட்டையால் வந்தது அவரையே சேரும் என்பதை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். கூட்டு நடத்துவது அச்சாக முளாரபா அல்ல என்பது மெய். ஆனாலும் நீதி ஒன்றுதான். ஊர் முழுதும் மின்சாரம் போனால் பழியில்லை. சுமார் 90 நாளைக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய சாவியைப் புதுப்பிக்காமல் தூங்கினால் அது அமானித மோசமே.

"பிடிக்காதவர் எப்போது வேண்டுமானாலும் வேறு கூட்டுக்குப் போகலாமே" என்பர் சிலர். போகலாம். ஆனால் காசு வைத்தவரில் பலர் கணக்கைப் பார்ப்பதில்லை. அது நடத்துபவருக்கும் தெரியும். பார்க்காதவரிடத்தில் நேர்மையாயிருப்பதுதானே நாணயம்! நம் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அம்மையாரின் முதலைக் கொண்டு ஷாம் தேசம் சென்றபோது, அம்மையார் கூடச் சென்று கண்காணிக்கவில்லையல்லவா?

காசு வைப்பவருக்கும் கடமையுண்டு. நடத்துபவர் சொந்தப் பணம் எவ்வளவு ஈடாக வைத்திருக்கிறார், எத்தனை முறை எழுதியிருக்கிறார், கட்டணத்தைத் திடீரென ஏற்றியிருக்கிறாரா என்பவை யாவும் பொதுக் கணக்கில் தெரியும். கூட்டு அளவுக்கு மீறிப் பெருத்தால் பங்கு குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிடக் கூடாது. கூடுதல் வருமானம் தருவதாகச் சொல்லி மக்களின் நாணயங்களைத் தன் வசம் வாங்கிக்கொண்ட செல்சியஸ் எனும் அமெரிக்க நிறுவனம், 2022 ஜூனில் பணம் எடுப்பதை நிறுத்தி, ஜூலையில் திவால் மனுச் செய்தது. சிங்கப்பூர் நாணய ஆணையமும், சேவை நிறுவனங்கள் சில்லறை வாடிக்கையாளருக்கு ஸ்டேக்கிங் வசதி செய்து தரலாகாதென 2023 ஜூலையில் அறிவித்தது.

பங்கு வந்தாலும் விலை சரியலாம். 2021 செப்டம்பரில் 3 அமெரிக்க டாலரைத் தொட்ட அடா, 2022 முடிவில் கால் டாலர் அளவில் நின்றது. இவ்வருமானம் ஆகுமா ஆகாதா என்பதை ஆலிம்களிடம் கேட்டே இறங்க வேண்டும்.

கூட்டை நடத்தப் புறப்படும் தம்பிமார்களுக்கு ஒரு சொல். முதலை உங்களால் தொட முடியாதபடி இயந்திரம் காத்துக்கொள்ளும். உங்கள் விழிப்பைக் காக்க இயந்திரம் கிடையாது. அதற்கு ஈமான்தான் வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.