உஷஸ்தி மறுத்த நீர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற மாதம் அடியோங்கள் பேரனுக்குப் பிறந்தநாள். அவன் கேட்டது ஒன்றே. சென்னையில் அவர்கள் இல்லத்துக்கு அருகிலுள்ள பீட்சா உணவகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போகவேண்டும். தாத்தாவும் பாட்டியும் கட்டாயம் வரவேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு வெளியில் உண்பதில்லை என்று அடியோங்கள் நியமம் கொண்டிருக்கிறோம். இரண்டு நாள் யோசித்தபின் போனோம்; உடன் அமர்ந்திருந்தோம்; ஒன்றும் உண்ணவில்லை. அங்கே அவன் கேட்ட இரண்டு கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதல் கேள்வி: "தாத்தா, வெங்காயம், பூண்டு வேண்டாம்னு சொல்லிட்டேன். பச்சைப் புள்ளியும் போட்டிருக்கு. அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கறேள்?"

குழந்தையின் கேள்வி ஆனாலும் நியாயமானது. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், இடையறாத பகவத் த்யானத்துக்கு வாக்யகாரர் கூறிய ஏழு ஸாதனங்களை எம்பெருமானார் எடுத்துக்காட்டுகிறார். அவற்றுள் முதலாவது விவேகம். அங்கே விவேகமாவது, ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூன்று தோஷங்களும் அற்ற உணவால் உண்டாகும் சரீர சுத்தி. உணவின் சுத்தியால் மனச் சுத்தியும், அதனால் நிலைத்த நினைவும் வரும் என்று சாந்தோக்யம் ஏழாம் அத்யாயத்தில் கூறுவதே இதற்கு ப்ரமாணம்.

இம்மூன்றையும் அந்தத் தட்டின் அருகே வைத்துப் பார்ப்போம். பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். மேலே தூவும் வெங்காயத்தை நிறுத்தச் சொல்லலாம். முன்னரே காய்ச்சி வைத்த தக்காளிக் குழம்பில் பூண்டு கலந்திருந்தால் அதை யார் பிரிப்பது? பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைக்கும் நொதியைக் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பார்கள், நுண்ணுயிரிலிருந்தும் எடுப்பார்கள். தட்டைப் பார்த்து எது என்று சொல்ல இயலாது. நிமித்த தோஷம் சேர்க்கையால் வருவது. மாமிசம் வெந்த அடுப்பிலேயே இதுவும் வேகலாம்; அதை வெட்டிய கருவியே இதையும் வெட்டலாம். உணவு யாரைப் பற்றி நிற்கிறதோ அவரால் வருவது ஆச்ரய தோஷம். சமைத்தவர் யாரென்று அறியோம். அறியாத ஒருவரை இழித்துரைக்க நமக்கு அதிகாரமும் இல்லை. அது எம்பெருமானை எண்ணிச் செய்த தளிகை அன்று, அவனுக்குக் கண்டருளப் பண்ணியதும் அன்று என்பது மட்டும் தெரியும். ஆக, பச்சைப் புள்ளி முதல் தோஷத்தில் ஒரு பகுதியைப் பற்றியே பேசுகிறது.

ஸ்வாமி தேசிகன் 'ஆகார நியமம்' என்றொரு ப்ரபந்தமே அருளிச்செய்தார். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பாரதத்துக்கு வந்தது அவருக்குப் பின்னரே. பன்னாட்டுப் பீட்சா நிறுவனங்கள் தில்லியிலும் பெங்களூரிலும் கடை திறந்தது 1996-ஆம் ஆண்டில். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் புதிய உணவு விதிக்கு வெளியே நின்றுவிடாது. மூன்று தோஷங்கள் என்னும் அளவுகோல் எதற்கும் பொருந்தும்.

இவ்வளவையும் எளிய சொற்களில் பேரனுக்குச் சொன்னோம். உடனே இரண்டாம் கேள்வி வந்தது: "அப்போ பேங்க்ல வேலை பார்த்தப்போ வெளியூர்ல என்ன சாப்பிட்டேள்?"

"அது ஆபத்து தர்மம்" என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்ல முடியவில்லை. சாந்தோக்யத்தின் முதல் அத்யாயத்தில் வரும் உஷஸ்தி நினைவுக்கு வந்தார்.

குரு தேசம் பஞ்சத்தில் வாடியபோது, பசியால் நலிந்த உஷஸ்தி, பயறு தின்றுகொண்டிருந்த யானைப்பாகனிடம் யாசித்தார். தன் எச்சிலைத் தவிர வேறில்லை என்றான் பாகன். அதையே வாங்கி உண்டார். பின் அவன் நீர் தந்தபோது, எச்சில் நீர் வேண்டாம் என்று மறுத்தார். பயறும் எச்சில்தானே என்று அவன் கேட்க, பயறு இல்லையேல் உயிர் தரித்திரேன், நீரோ விரும்பிய இடத்தில் கிடைக்கும் என்றார். ப்ரஹ்மஸூத்ரம் (3.4.28) எவ்வுணவுக்கும் தரும் அனுமதி உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டுமே, ப்ரஹ்மவித்துக்கும் அவ்வளவே என்று நிலைநாட்டுமிடத்தில் பாஷ்யகாரர் காட்டுவது இந்த உஷஸ்தியையே.

அவர் பயறு உண்டதைச் சொல்லி நம் பழக்கங்களுக்கு ஸமாதானம் தேடுகிறோம். நீரை மறுத்ததை மறந்துவிடுகிறோம். ஆபத்து எங்கே முடிந்தது என்பதை அவர் அந்த நொடியிலேயே அறிந்திருந்தார்.

கிளைகளைத் தணிக்கை செய்யச் சென்ற ஆண்டுகளில், செலவைத் தலைப்பு மாற்றி எழுதியிருப்பதைக் கண்டால் அடியோம் சிவப்பு மையால் குறிப்பெழுதுவோம். எங்கள் கணக்கிலும் அதே பிழை இருந்தது. நள்ளிரவில் பேருந்து நின்ற ஊரில் பசிக்கு உண்ட இரண்டு இட்லி ஒருவேளை பயறாக இருக்கலாம். நாள்தோறும் மாலை நான்கு மணிக்குக் கிளைக்கு எதிர்க்கடையிலிருந்து வரவழைத்த பஜ்ஜியும் காபியும் நீரேதான். உடன் வந்த நண்பர் ஒருவர் சிறு அடுப்பும் அரிசியும் எடுத்துவந்து, தங்கிய அறையிலேயே தளிகை செய்து, அமுது செய்வித்து உண்பார். அது நம்மாலும் ஆகியிருக்கும். ருசியை ஆபத்து என்னும் தலைப்பில் எழுதி வந்தோம். பேரனிடம் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டோம்.

அன்று இன்னொரு பிழையும் செய்தோம். முதல் அரைமணி நேரம் வாய் பேசாமல் முகத்தால் கண்டித்துக்கொண்டிருந்தோம் போலும். மருமகள் மெல்ல, "அப்பா, நாங்க தப்பு பண்றோம்னு நினைக்கறேளா?" என்றாள். காலையில் பெருமாள் திருவாராதனத்துக்குப் பூத்தொடுத்துத் தந்தவள் அவள். எம்பெருமானை வாயார அழைப்பவர்கள், இழிந்த செயல் உடையவராயினும், அவர்கள் உண்ட மிச்சமும் புனிதம் என்பது திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருவுள்ளம். அதைச் சேவிக்கும் வாயோடு பிறர் தட்டை அளந்தால், ஆகார நியமம் காத்து பாகவத அபசாரத்தைத் தேடியவர்களாவோம்.

அப்படியானால் இளையோருக்கு ஒன்றும் சொல்லாதிருப்பதா? கேட்டால் மறைக்காமல் சொல்லவேண்டும்; கேளாதபோது அகத்துத் தளிகையை அவர்கள் விரும்பி வரும்படி செய்யவேண்டும். திருப்பாவை இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் துறந்த ஆய்ச்சியர், இருபத்தேழாம் பாட்டில் நெய் வழியும் பாற்சோற்றை எல்லோரும் கூடியிருந்து உண்ண ஆசைப்படுகிறார்கள். அவர்கள் நோன்பு தனித்து உண்பதில் முடியவில்லை.

வெளிநாட்டில் விடுதியில் படிக்கும் பிள்ளைகளும், நெடும்பயணத்திலும் மருத்துவமனையிலும் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு விதி எழுதும் தகுதி அடியோங்களுக்கு இல்லை. தட்டு முன்னே வரும்போது, இது பயறா, நீரா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். மற்றவர் தட்டுக்கு அக்கேள்வி செல்லாது.

இதில் குற்றங்குறைகள் இருப்பின் பாகவதர்கள் பொறுத்தருள ப்ரார்த்திக்கிறோம்.