பேரீச்ச மரமும் சுரைக்கொடியும்

 

நாம் தொழில் செய்யும் ஃபேரர் பார்க் ஒரே நிலையில் நின்ற இடமன்று. 1933 வரை அங்கே பந்தயக் குதிரைகள் ஓடின. பின்பு விளையாட்டுத் திடலாயிற்று. 1942 பிப்ரவரி 17இல் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் அங்கேதான் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2020இல் அத்திடலில் குடியிருப்புகள் வருமென்று அறிவிப்பு வந்தது. மண்ணுக்கே இத்தனை மாற்றமென்றால் மனிதனுக்குச் சொல்லவும் வேண்டுமோ? மனைவி மௌத்தாகிறாள், வாடகைக் கெடு முடிந்து கடை கைமாறுகிறது, மகன் தனிவீடு போகிறான். நேற்றுவரை கல்லாவில் இருந்தவர் இன்று கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்.

இத்தகையோருக்காகத் திருமறை இரு வரலாறுகளைக் கூறுகிறது. அன்னை மர்யம் (அலை) பேறுகால வேதனையில் தனித்து, இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று கலங்கியபோது, காலடியில் நீரோடையும் சாய்ந்துகொள்ளப் பேரீச்ச மரமும் இருந்தன. மரத்தை உலுக்கும்படி கட்டளை வந்தது. நோவிலிருக்கும் ஒரு பெண் உலுக்கிப் பேரீச்ச மரம் அசையுமோ? பழத்தை உதிர்ப்பவன் அல்லாஹ். கை வைக்க வேண்டியவர் நாம்! நபி யூனுஸ் (அலை) மீன் வயிற்றிலிருந்து நோயுற்றவராக வெட்டவெளியில் கிடந்தபோது, அல்லாஹுத்தஆலா அவர்கள்மேல் சுரைக்கொடியைப் படரவிட்டான்.

பின்னர் நடந்ததையும் கவனியுங்கள். மர்யம் (அலை) குழந்தையை ஏந்தித் தம் மக்களிடமே வந்தார்கள். யூனுஸ் (அலை) ஒரு லட்சத்திற்கும் அதிகமான மக்களிடம் அனுப்பப்பட்டார்கள். ஆகவே, நிழல் இளைப்பாறுவதற்கே, ஒளிந்துகொள்வதற்கன்று.

முஸீபத்து வந்தால் நாம் செய்யத்தக்கது இதுவே. சுபுஹு தொழுதபின் அங்குலியா பள்ளிவாசலிலிருந்து வீட்டிற்கு ஓடாமல், விடியும் வானத்தைப் பார்த்தவாறு சற்று நடப்போம். வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்து, நம் கையாலேயே தண்ணீர் ஊற்றுவோம். நம் வாழ்வு எப்படிப் புரண்டாலும் சூரியன் தன் வேளை தவறுவதில்லை. ஐவேளைத் தொழுகையும் அதனோடுதான் வருகிறது. அந்த ஒழுங்கைப் பற்றிக்கொண்டால் கால் தரையில் நிற்கும். நிம்மதி தருவது மரமன்று, அதை முளைக்கச் செய்தவன் என்பதை மறவோம்.

மனம் தேறியதும் கடையைத் திறப்போம், சலாம் சொல்வோம். கதவடைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரரை நாமே தட்டி அழைத்து, உடன் நடப்போம். அவருக்கு அன்றைய சுரைக்கொடி நாமாகவும் இருக்கலாம் அல்லவா?

வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஸபுரையும் நிம்மதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.