பாடலுக்கு முகம் தருதல்

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பில் ஊடகவியலைப் பாடமாக எடுக்கும் மாணவர்களுக்கு, ஒரு பாடலுக்கான இசைக் காணொளியைத் தாமே திட்டமிட்டுப் படம்பிடித்துத் தொகுத்து அளிப்பது நெடுங்காலம் வழங்கிவந்த செய்முறைப் பணி. கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன், இத்தகைய காணொளிகளில் வழக்கமாக இடம்பெறுபவை எவை, அவற்றைப் பற்றிக் கோட்பாட்டாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதை மாணவர் ஆராய வேண்டியிருந்தது. பணி முடிந்தபின், தம் படைப்பு அந்த மரபுகளை எங்கே கையாண்டது, எங்கே வளர்த்தது, எங்கே எதிர்த்தது என்று எழுதவும் வேண்டியிருந்தது. தேர்வுக்காகக் கேட்கப்பட்டாலும் இது மெய்யியலுக்கு மிகப் பழக்கமான கேள்வி. பிறர் வகுத்துவைத்த மரபு ஒருவரை எந்த உரிமையால் கட்டுப்படுத்துகிறது, அதைப் பின்பற்றுகிறவர் அதன் விளைவுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாகிறார் என்பதே அதன் உள்ளடக்கம்.

மாணவர்கள் முதலில் அணுகுவது பெரும்பாலும் ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் வெளியிட்ட ‘டான்சிங் இன் த டிஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டரி’ என்னும் நூலின் சுருக்கத்தை. பாடல்வரிக்கும் காட்சிக்கும் இடையே மூவகை உறவு அமையலாம் என்பது அவருடைய பகுப்பு: வரி சொல்வதையே காட்சி காட்டுவது விளக்கம், வரியில் இல்லாத பொருளைக் காட்சி சேர்ப்பது விரிவாக்கம், வரியோடு காட்சி தொடர்பின்றியோ முரணியோ நிற்பது விலகல். இவற்றோடு, இசைவகைக்குரிய அடையாளங்கள், தாளத்துக்கு இசைந்த வெட்டு, பாடகரின் அண்மைக் காட்சிகளை இசைத்தட்டு நிறுவனம் வற்புறுத்துவது, பார்த்தல் என்னும் செயலையே காட்சிப்பொருளாக்குவது, வேறு படைப்புகளை நினைவூட்டுவது ஆகியவையும் வகுப்பறைப் பட்டியலில் சேர்கின்றன. வாதமாக எழுதப்பட்ட ஒரு நூல் பட்டியலாகச் சுருங்கும்போது இழப்பு நேர்கிறது. அண்மைக் காட்சி ஏன் வற்புறுத்தப்படுகிறது என்ற கேள்வி மறைந்து, அது இருக்கிறதா இல்லையா என்ற சரிபார்ப்பு மட்டுமே எஞ்சுகிறது. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. என்னும் இசைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அது காட்டியவை இசைத்தட்டு விற்பனைக்காக நிறுவனங்கள் தயாரித்த விளம்பரப் படங்களே. பாடகரின் முகம் திரையை நிரப்பும் வழக்கத்தில் வணிகத்தின் தேவையும் கலந்திருக்கிறது.

மரபு என்பது என்ன என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு மெய்யியலில் இரண்டு விடைகள் இங்கே பயன்படக்கூடியவை. டேவிட் லூயிஸ் 1969-இல் எழுதிய ‘கன்வென்ஷன்’ என்னும் நூலில், பலர் ஒருவரோடொருவர் ஒத்துச் செயல்பட வேண்டிய இடத்தில், சாத்தியமான பல வழிகளுள் ஒன்றை எல்லோரும் கைக்கொள்வதே மரபு என்றார். சாலையில் இடப்பக்கம் செல்வதா வலப்பக்கம் செல்வதா என்பதில் எதுவும் மேலானதன்று, எல்லோரும் ஒன்றையே பின்பற்றுவதுதான் வேண்டியது. 1960-இல் வெளிவந்த ‘உண்மையும் முறையும்’ என்னும் நூலில் ஹான்ஸ்-கேயார்க் காடமர் காட்டிய மரபோ இவ்வளவு எளிதாக மாற்றிக்கொள்ளத்தக்கதன்று. அது மனிதர் எதையும் புரிந்துகொள்ளத் தொடங்குவதற்கே அடித்தளமாகும் முன்புரிதல்களின் தொகுதி, அதிலிருந்து முழுதும் வெளியேறி நின்று யாரும் எதையும் காண முடியாது. இசைக் காணொளியின் மரபுகளுள் சில லூயிஸ் சொல்லும் வகையின, தாளத்தின் அடியில் காட்சியை வெட்டுவதுபோல. மற்றவை காடமர் சொல்லும் வகையின: அவற்றுக்குள் மனிதரைப் பற்றிய ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் ஆய்வின் முதன்மையான வேலை. பட்டியலில் இரண்டும் ஒரே வரிசையில் ஒரே எடையோடு நிற்பதால் அது எளிதில் தவறிப்போகிறது.

இரண்டாம் வகைக்குத் தெளிவான சான்று பெண்ணுடல் காட்டப்படும் விதம். லாரா மல்வி 1975-இல் ‘ஸ்கிரீன்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில், ஹாலிவுட் கதைப்படத்தில் கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, கதைமாந்தர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை ஆகிய மூன்றும் சேர்ந்து, ஆணைப் பார்ப்பவனாகவும் பெண்ணைப் பார்க்கப்படுபவளாகவும் ஆக்குகின்றன என்று காட்டினார். இதுவே ஆண்நோக்கு எனப்படுகிறது. மனிதரை வெறும் கருவியாக மட்டும் ஒருபோதும் நடத்தக் கூடாது என்று இம்மானுவேல் கான்ட் 1785-இல் வகுத்த நெறியை இதனருகே வைத்தால், வலிமையான குற்றச்சாட்டு ஒன்று உருவாகிறது. ஆனால் மல்வியின் கோட்பாட்டை அப்படியே இசைக் காணொளிக்கு மாற்ற முடியாது. ஹாலிவுட் நடிகர் லென்ஸைப் பார்ப்பது அரிது. காணொளிப் பாடகரோ பெரும்பாலும் லென்ஸை நேராகப் பார்த்தே பாடுகிறார். திரும்பிப் பார்க்கும் அந்தக் கண் அழைப்பும் ஆகலாம், எதிர்ப்பும் ஆகலாம். கறுப்பினப் பெண் பார்வையாளர்களின் எதிர்நோக்கைப் பற்றி பெல் ஹுக்ஸ் 1992-இல் எழுதியதையும் சேர்த்துப் படிக்கும்போது, பார்வையின் அதிகாரம் எப்போதும் ஒரே திசையில் பாய்வதில்லை என்பது விளங்குகிறது.

நேர்நோக்கிய முகத்துக்குச் சமயக் கலையில் மிகப் பழைய வரலாறு உண்டு. கிழக்கத்தியத் திருச்சபையின் திருவுருவ ஓவியங்கள் கண்டிப்பான மரபுகளுக்கு உட்பட்டவை; அவற்றில் புனிதரின் முகம் பெரும்பாலும் காண்பவரை நோக்கியே எழுதப்படுகிறது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அதன் மூலவரைச் சென்றடைகிறது என்று 787-இல் இரண்டாம் நைசியா பொதுச்சங்கம் தீர்மானித்தபோது, உருவம் தன்னிடத்திலேயே பார்வையை நிறுத்திக்கொள்ளாமல் கடத்திவிட வேண்டும் என்பதும் அதனுள் அடங்கியது. அந்த ஓவியத்தின் முன் நிற்பவர், தாம் பார்ப்பதைக் காட்டிலும் தாம் பார்க்கப்படுவதையே உணர வேண்டும். விற்பனைக்குரிய அண்மைக் காட்சியிலும் முகம் நேராகவே நோக்குகிறது. ஆனால் அங்கே பார்வை முகத்திலேயே தங்கி, அதை உடைமையாக்கிக்கொள்ளத் தூண்டப்படுகிறது. கோணமும் சட்டகமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, நோக்கங்கள் மட்டும் எதிரெதிராக நிற்கின்றன. உத்தியை மட்டும் பதிவுசெய்து நோக்கத்தை விட்டுவிடும் ஆய்வு முழுமை பெறாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பாடலும் காட்சியும் சேரும்போது எழும் ஐயம் இன்னும் பழையது. புனித அகுஸ்தீனார் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ஆன்ம வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில் செவியின்பத்தையும் கண்ணின்பத்தையும் அடுத்தடுத்து எடுத்து ஆராய்கிறார். திருப்பாடலின் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மை மிகுதியாக அசைத்த தருணங்களைப் பாவமாகவே கருதிய அவர், அலெக்சாண்டிரியாவின் ஆயர் அதனாசியார் திருப்பாடல்களைப் பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட மெல்லிய ஏற்ற இறக்கத்தோடு ஓதச் செய்ததை நினைவுகூர்ந்து, அது பாதுகாப்பான வழியோ என்று தயங்குகிறார். ஆயினும் அதே பாட்டு தம் மனமாற்றக் காலத்தில் தம்மைக் கண்ணீர்விடச் செய்ததையும் மறைக்காமல், பாடுவதைத் திருச்சபையில் ஒப்புக்கொள்ளும் பக்கமே சாய்கிறார். அவருடைய தயக்கம் ஒரு துறவியின் கடுமையன்று. பொருளைத் தாங்கிவரும் வடிவம் பொருளையே விழுங்கிவிடக்கூடும் என்ற நுண்ணிய அறிவு அது. இசைக் காணொளியில் வரியைச் சுமக்க இசையும், இசையைச் சுமக்கக் காட்சியும் வருவதால், அந்த ஆபத்து இருமடங்காகிறது.

காட்சி பாடலை எவ்வாறு விழுங்குகிறது என்பதைச் சொல்லத் தமிழ்க் கவிதையியலில் கூர்மையான கருவி ஒன்று இருக்கிறது. அகப்பாடலில் தலைவனோ தலைவியோ பெயர் சுட்டப்படக் கூடாது என்பது தொல்காப்பியம் கூறும் விதி. பெயர் இல்லாததால்தான் அந்தக் காதலும் பிரிவும் கேட்கும் எவருக்கும் உரியவை ஆகின்றன. சங்கப் பாட்டான நெடுநல்வாடை பிரிவின் துயரைப் பாடினாலும், அதில் வரும் வேலில் பாண்டியர் அடையாளமான வேம்பு கட்டப்பட்டிருப்பதாகச் சொல்லும் ஒரு குறிப்பால் அது புறமாயிற்று என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். ஒரேயொரு அடையாளம் பாட்டின் வகையையே மாற்றிவிடும் என்றால், பாடகரின் முகத்தை நான்கு நிமிடம் காட்டும் காணொளி பாடலில் உள்ள தன்மைக் கூற்றை என்ன செய்கிறது என்பது அற்பக் கேள்வியன்று. வானொலியில் கேட்டவர் தமக்கே உரியதாக்கிக்கொண்ட துயரம், திரையில் ஒரு பெயருக்கும் உடலுக்கும் சொந்தமாகிவிடுகிறது.

ஆனால் முகம் தருவது எப்போதும் இழப்பு என்று முடிவுகட்டுவது தவறு. டிரெண்ட் ரெஸ்னர் எழுதி நைன் இன்ச் நெயில்ஸ் குழு 1994-இல் வெளியிட்ட ‘ஹர்ட்’ என்னும் பாடலை, எழுபது வயதை எட்டிய பாடகர் ஜானி கேஷ் பாடினார். மார்க் ரோமானெக் இயக்கிய அதன் காணொளி 2003-இல் வந்தது. மூடிக்கிடந்த கேஷ் அருங்காட்சியகம், பழங்களும் உணவும் குவிந்த மேசை, அதன்மேல் நடுங்கும் கையால் ஊற்றப்படும் மது, இளமைக்காலப் படத்துண்டுகள், இயேசுவைப் பற்றி கேஷ் முன்னர் எடுத்த படத்திலிருந்து சிலுவைக் காட்சி, பின்னால் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டர் ஆகியவை அதில் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் நிலையாமையை உணர்த்த வரைந்த மேசைப்பொருள் ஓவியங்களின் மரபு அங்கே மீண்டும் உயிர்பெறுகிறது. வரியில் இருந்த ஒரு கொச்சைச் சொல்லை நீக்கி முள்முடியை வைத்தார் கேஷ்; பாடல் தன்னழிவின் புலம்பலாக இருந்த நிலை மாறி, மரணத்தின் முன் செய்யும் பாவ அறிக்கையாயிற்று. ஜூன் கார்ட்டர் அந்த ஆண்டு மே மாதத்திலும் கேஷ் செப்டம்பரிலும் இறந்தனர். இங்கே முகம் பாடலை உடைமையாக்கிக்கொள்ளவில்லை. தான் அழிந்துகொண்டிருப்பதை மறைக்க மறுத்து, காண்பவரின் நிலையாமைக்குப் பார்வையைக் கடத்திவிடுகிறது. அண்மைக் காட்சி என்னும் வணிக மரபு திருவுருவ மரபின் பக்கம் திரும்பும் அரிய இடம் இது.

சமயக் குறிகளைக் கையாளும்போது பொறுப்பு இன்னும் சிக்கலாகிறது. மேரி லாம்பர்ட் இயக்கி 1989 மார்ச்சில் வெளியான பாடகி மடோனாவின் ‘லைக் எ பிரேயர்’ காணொளியில், தவறாகக் கைதுசெய்யப்படும் கறுப்பினத்தவர் ஒருவரும், அவரை ஒத்த புனிதர் சிலை உயிர்பெறுவதும், எரியும் சிலுவைகளும் வருகின்றன. அமெரிக்காவில் எரியும் சிலுவை கூ க்ளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் அச்சுறுத்தல். கத்தோலிக்கப் பார்வையாளர் பலருக்கோ அது திருச்சின்னத்தின் அவமதிப்பு. வத்திக்கான் கண்டித்தது, பெப்சி நிறுவனம் மடோனா தோன்றிய தன் விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. உருவாக்குபவர் ஏற்றும் பொருளும் காண்பவர் எடுக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்றும், ஏற்பது, பகுதியளவு இசைவது, எதிர்ப்பது என மூன்று வாசிப்புகள் நிகழலாம் என்றும் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் முன்வைத்த கோட்பாடு இந்நிகழ்வை நன்றாகவே விளக்குகிறது. ஆனால் விளக்கம் விடுவிப்பு ஆகாது. எவரும் எப்படியும் வாசிக்கலாம் என்பதை, எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்பதற்கான அனுமதியாக மாணவர் எடுத்துக்கொள்வது கோட்பாட்டின் தவறான பயன். அந்தக் காணொளிக்கு நியாயம் இருக்குமானால், அது வாசிப்பின் பன்மையில் இல்லை. இனவெறியின் குறியை இனவெறிக்கு எதிரான கதைக்குள் தெரிந்தே வைத்ததில் இருக்கிறது.

அப்படித் தெரிந்தே செய்வதற்குக் கவனம் வேண்டும். பள்ளிப் பாடத்துக்கும் ஆன்மிகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1942-இல் எழுதிய கட்டுரையில் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய், எந்தப் பாடமானாலும் அது கவனத்தைப் பயிற்றுவதாலேயே மதிப்புப் பெறுகிறது என்றும், கவனமே வழிபாட்டின் சாரம் என்றும் வாதிட்டார். விடை காணாமல் முடிந்த கணக்கும் வீணாவதில்லை என்றும், துன்புறுபவரை நோக்கிக் கவனத்தைத் திருப்பும் திறன் அத்தகைய பயிற்சியால் வளர்கிறது என்றும் அவர் கருதினார். ஒவ்வொரு காட்சியையும் படம்பிடிப்பதற்கு முன் கட்டங்களில் வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு இத்தகைய கவனத்துக்கு ஏற்ற இடம். மாணவரின் காணொளியில் நடிப்பவர் பெரும்பாலும் உடன்படிக்கும் தோழி அல்லது நண்பர். அவர் உடலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் சட்டகத்தில் இருக்கும், அவர் லென்ஸைப் பார்ப்பாரா, தொகுத்த வடிவத்தைக் கண்டபின் ஒரு காட்சியை நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பவை பென்சிலால் கோடு இழுக்கும்போதே தீர்மானிக்கப்படுகின்றன. ஓ.சி.ஆர். தேர்வு வாரியத்தின் முந்தைய பாடத்திட்டத்தில் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 100 மதிப்பெண்ணில் 20 ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தகைய மதிப்பெண்ணை வழங்கும் ஆசிரியர், மாணவரின் கோப்பில் கோட்பாட்டாளர் பெயர்களை எண்ணுவதைவிட, வரைந்து பின் அடிக்கப்பட்ட கட்டங்களையும், அவற்றின் அருகே மாணவர் எழுதிய காரணங்களையும் தேடிப் படிப்பதே தகும்.